பாக்குக் கிடங்கிலிருந்து ஒரு ஜாகீர்தார்

செங்கல்பட்டுக் கோட்டையைப் பார்ப்பதற்கென்று யாரும் கிளம்பி வருவதில்லை. ஆனால் சென்னையிலிருந்து தெற்கே ரயிலேறியவர்களில் பலர் தங்களுக்கே தெரியாமல் அந்தக் கோட்டைக்குள் புகுந்து வெளியேறியவர்கள்தான். கொளவாய் ஏரியின் நீர்ப்பரப்பு சன்னலோரம் வந்து விலகியதும் இறங்குகிறவர்கள் பையைத் தேடத் தொடங்குகிறார்கள். இறங்காதவர்கள் வடைக்காரரைத் தேடுகிறார்கள். கோட்டையை யார் தேடப்போகிறார்கள்? விஜயநகர மரபினர் 16ஆம் நூற்றாண்டில் கட்டியது. ஏரியும் சதுப்பும் அகழியும் சூழ்ந்ததால் எளிதில் நெருங்க முடியாத இடமாக இருந்தது. பிறகு வெள்ளைக்காரர்கள் அதன் ஊடாகவே தண்டவாளம் போட்டார்கள். மிஞ்சிய இடத்தில் சிறுவர் சீர்திருத்தப் பள்ளியும் அரசு அலுவலகங்களும் குடியேறின.

"கோட்டைன்னு பெருசா ஒண்ணும் இல்ல சார். எல்லாம் ஆபீஸுங்கதான்" என்றார் ஆட்டோக்காரர். அவர் சொன்னது சரிதான். அகழி இருந்த இடத்தை ஊகித்துக்கொள்ளலாம். மதிலின் துண்டுகளைச் செடிகொடிகளுக்கு நடுவே தேடிப் பிடிக்கலாம். அவ்வளவுதான்.

நான் தேடி வந்ததும் மதிலை அல்ல. இந்தக் கோட்டைக்கு ஒரு காலத்தில் பெயரளவில் தளபதியாக இருந்த ஒரு பாக்கு வியாபாரியை. 1749இல், ஆம்பூர்ப் போருக்குப் பிறகு புதுச்சேரிக்கு வந்த, ஐதராபாத் நிஜாம் பதவிக்கு உரிமை கோரிய முசாபர் ஜங், பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சுக்கு நெருக்கமான ஒரு தமிழருக்கு மூவாயிரம் குதிரைக்கு மன்சப்தார் என்ற பட்டத்தைக் கொடுத்தார். செங்கல்பட்டுக் கோட்டையின் தளபதி, அந்தச் சீமை முழுவதற்கும் வரி வாங்கும் உரிமையுள்ள ஜாகீர்தார் என்ற பதவிகளும் கூடவே வந்தன. பட்டம் பெற்றவர் ஆனந்தரங்கப் பிள்ளை. கவர்னர் மாளிகைக்குள் மேளம் முழங்கப் பல்லக்கில் போகும் உரிமையும், தங்கப்பூண் போட்ட கைத்தடியும் அவருக்கு உண்டு. இத்தனையும் இருந்தும், தன் அன்றாடத்தை அவர் எழுதிவைத்த குறிப்புகளில் நாம் அடிக்கடி அவரைச் சந்திக்கும் இடம் ஒரு பாக்குக் கிடங்கு. காலையில் கவர்னரைப் பார்ப்பார், கணக்கு பேசுவார், திட்டு வாங்குவார் அல்லது பாராட்டு வாங்குவார். பிறகு பாக்குக் கிடங்குக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். தேடி வருகிறவர்கள் அங்கேதான் வர வேண்டும்.

என் பையில் அந்த நாட்குறிப்பின் ஒரு தொகுதி இருந்தது. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போய், அங்கிருந்து கடலோரமாகவே ஆலம்பரை வரை போவதாகத் திட்டம். அவர் ஜாகீர்தாராக இருந்தும் ஆளாத ஊர்களை, அவர் எழுதிய பக்கங்களோடு பார்த்து வருவது.

செங்கல்பட்டுக்கும் அவருக்கும் பட்டத்துக்கு முந்திய உறவு ஒன்றும் உண்டு. செங்கல்பட்டு சேஷாத்திரி பிள்ளையின் மகள் மங்கைத்தாயியைத்தான் அவர் மணந்தார். ஆக, ஜாகீர்தார் ஆவதற்கு வெகு காலம் முன்பே அவர் இந்த ஊர் மாப்பிள்ளை. பெரம்பூரில் 1709 மார்ச் 30 அன்று பிறந்தவர். தாய்மாமன் முறையான நைனியப் பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகரும். அவரை ஒட்டித் தந்தை திருவேங்கடம் பிள்ளை குடும்பத்தோடு அங்கே போனார். அதே நைனியப் பிள்ளை கும்பினியின் கோபத்துக்கு ஆளாகி 1717இல் சிறையில் இறந்தார். அதிகாரத்தின் பக்கத்தில் நிற்பது என்றால் என்ன என்பதைச் சிறுவயதிலேயே வீட்டுக்குள் பார்த்து வளர்ந்தவர் ஆனந்தரங்கர். அந்த எச்சரிக்கை அவருடைய குறிப்பு முழுவதும் இருக்கிறது. யார் யாரிடம் என்ன சொன்னார், யார் முகம் எப்படி மாறியது, யார் யாருக்கு எவ்வளவு நசர் வைத்தார் என்று ஒன்றையும் விடாமல் எழுதிவைத்திருக்கிறார்.

திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் வெயில் ஏறுவதற்குள் மலையடிவாரத்தை எட்டிவிட வேண்டும். வேதகிரீஸ்வரர் மலைக்குப் படியேறுவோர் முன்பெல்லாம் உச்சி வேளைக்கு வரும் கழுகுகளைப் பார்க்கப் போவார்கள். இப்போது கழுகுகள் வருவதில்லை; அடிவாரத்தில் மோர் விற்கிறவர்கள் மட்டும் அந்தக் கதையைச் சொல்கிறார்கள். நான் பார்க்க விரும்பியது மலையில் இருக்கும் ஒருகல் மண்டபத்தை. பல்லவர் காலத்துக் குடைவரை அது. அதன் கல்லில் 17ஆம் நூற்றாண்டில் இங்கே வந்துபோன டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்தில் கிடங்கு வைத்திருந்தவர்கள். ஓய்வுநாளில் மலையேறி, காற்று வாங்கி, உளியெடுத்துப் பெயரும் ஆண்டும் வெட்டியிருக்கிறார்கள்.

இன்று யாராவது அப்படிச் செய்தால் காவலர் விரட்டுவார். ஆனால் மூன்றரை நூற்றாண்டு கழித்துப் பார்க்கும்போது அந்தக் கிறுக்கலும் ஆவணமாகிவிடுகிறது. அது சொல்வதெல்லாம் 'நான் வந்தேன்' என்பதை மட்டும். அன்று என்ன சாப்பிட்டார், யாரோடு வந்தார், கால் வலித்ததா, ஊர் நினைப்பு வந்ததா என்று கல்லைக் கேட்டால் பதில் வராது. பெயரை நிலைநிறுத்தக் கல் நல்ல இடம். ஒரு நாள் எப்படிப் போனது என்று தெரிய வேண்டுமானால் தாள்தான் வேண்டும்.

அந்தத் தாளை ஆனந்தரங்கர் கையில் எடுத்தது 1736 செப்டம்பர் 6 அன்று. அப்போது வயது 27. எழுதும்படி யாரும் அவரைப் பணிக்கவில்லை. காதால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும், கப்பல் வருவதையும் போவதையும் குறித்துவைக்கப்போவதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் தொடங்குகிறார். தமிழ் ஆண்டு, மாதம், தேதி, கிழமை. பக்கத்தில் வெள்ளைக்காரத் தேதி. நேரத்துக்கு நாழிகைக் கணக்கு. நடை, வியாபாரி வாயால் பேசுகிற நடை. பண்டிதத் தமிழ் அதில் கிடையாது. தெலுங்கும் பாரசீகமும் போர்த்துகீசியமும் பிரெஞ்சும் கடைத்தெருவில் எப்படிக் கலந்தனவோ அப்படியே தாளிலும் கலந்து கிடக்கின்றன. தமிழ் உரைநடை இன்னும் பெரும்பாலும் உரையாசிரியர்களின் கையில் இருந்த காலத்தில், ஒரு மனிதர் தனக்கு ஜலதோஷம் பிடித்ததையும் தமிழில் எழுதலாம் என்று நினைத்தது சாதாரண விஷயமல்ல.

இங்கிலாந்தில் சாமுவேல் பெப்பிஸ் 1660 முதல் 1669 வரை எழுதிய நாட்குறிப்பு 1825இல்தான் அச்சேறியது. அவரோடு ஒப்பிட்டு ஆனந்தரங்கரை இந்தியாவின் பெப்பிஸ் என்று சொல்வதுண்டு. ஒப்பீடு ஓரளவுக்குத்தான் பொருந்தும். பெப்பிஸ் பத்தாண்டுகூட எழுதவில்லை. கண் கெட்டுவிடுமோ என்று பயந்து நிறுத்திவிட்டார். இவர் இருபத்துநாலு ஆண்டுகளுக்கு மேல், சாகும் தறுவாய் வரை எழுதினார். பெப்பிஸ் தன் காதல் விவகாரங்களையும் சுருக்கெழுத்தில் மறைத்து எழுதினார். இவர் மறைத்தது வேறு: தன் வீட்டின் உள்கட்டை.

செங்கல்பட்டிலிருந்து மணமாகிப் போன மங்கைத்தாயியை நான் வழிநெடுகத் தேடிக்கொண்டே வந்தேன். மகள்கள் பாப்பாள், பொன்னாச்சி, நன்னாச்சி. மகன்கள் அண்ணாசாமி, அய்யாசாமி. பிள்ளை பிறந்த வேளை, சாதகம், கலியாணப் பேச்சு, வந்த சீர், போன சீர் என்று இவர்கள் எல்லோரும் குறிப்பில் தலைகாட்டுகிறார்கள். ஆனால் மங்கைத்தாயி என்ன பேசினார் என்பதை அந்தப் பக்கங்களில் தேடினால் சலிப்புதான் மிஞ்சும். கவர்னரின் மனைவி மதாம் துய்ப்ளேக்ஸ் பேசுகிறார், ஏசுகிறார், சதி செய்கிறார். அவரைப் பற்றி ஆனந்தரங்கர் கசப்போடு பக்கம் பக்கமாக எழுதுகிறார். தன் வீட்டு அடுப்படியிலிருந்து ஒரு குரலும் வருவதில்லை. முன்னோரின் அன்றாடத்தை நாட்குறிப்பில் கண்டெடுத்தோம் என்று மகிழும்போது, கண்டெடுத்தது அந்த வீட்டு ஆண் ஒருவரின் அன்றாடம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வடக்கே திருப்போரூர்ப் பக்கம் இதற்கு நேர்மாறான இன்னொரு வகை ஆவணத்துக்குப் பேர்போனது. செங்கல்பட்டு ஜாகீர் ஆங்கிலேயர் கைக்கு வந்த பிறகு, 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அதற்கு ஆதாரமாக ஊர்க் கணக்குப்பிள்ளைகள் எழுதிய பனையோலைக் கணக்குகளில் ஒரு பகுதி இன்றும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. காந்தியரும் ஆய்வாளருமான தரம்பால் இந்தக் கணக்குகளின் முக்கியத்துவத்தை எடுத்துச்சொன்ன பிறகு, திருப்போரூர், வடக்குப்பட்டு ஊர்களின் கணக்கு தனிநூலாகவே வந்தது. ஊரில் எத்தனை வீடு, யார் யார் குடி, நன்செய் எவ்வளவு, புன்செய் எவ்வளவு, ஏரி குளம் எத்தனை, விளைந்த நெல்லில் கோயிலுக்கு எவ்வளவு, தச்சருக்கும் வண்ணாருக்கும் நாவிதருக்கும் தலையாரிக்கும் எவ்வளவு என்று பங்கு பங்காக அதில் எழுதியிருக்கிறது.

இரண்டும் ஒரே நூற்றாண்டு, ஒரே சீமை. நாட்குறிப்பில் ஒரு மனிதரின் இருபத்துநாலு ஆண்டு மனநிலையும் கிடைக்கும். அவருடைய ஜாகீரில் உழுதவர் பெயர் ஒன்று கூடக் கிடைக்காது. ஓலையில் உழுதவருக்கு வந்த படி நெல் வரை கிடைக்கும். அவர் அன்று சந்தோஷமாக இருந்தாரா என்பது கிடைக்காது. ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்துப் படித்தால்தான் செங்கல்பட்டுச் சீமை முழுசாகக் கண்ணுக்குத் தெரிகிறது.

மாமல்லபுரத்தில் கூட்டம் எப்போதும் போலக் கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் பிரிந்து போய்க்கொண்டிருந்தது. நான் கிருஷ்ண மண்டபத்தின் நிழலில் உட்கார்ந்துவிட்டேன். கோவர்த்தன மலையைக் கண்ணன் தூக்கிப் பிடித்திருக்கிறான், அற்புதம் நடந்துகொண்டிருக்கிறது. பக்கத்திலேயே ஒருவர் சாவகாசமாகப் பால் கறக்கிறார். பசு கன்றை நக்கிக்கொடுக்கிறது. ஒரு பெண் தலையில் பானைச் சுமையோடு நிற்கிறாள். கொஞ்சம் தள்ளி, அருச்சுனன் தபசு என்கிற பெரிய பாறையிலும் இப்படித்தான்: வானுலகம் முழுக்கத் திரண்டு பார்த்திருக்க, ஆற்றங்கரையில் ஒருவர் குளித்த துணியைப் பிழிந்துகொண்டிருக்கிறார். அரசன் கேட்டது தெய்வக் கதையை. சிற்பி அதன் ஓரத்தில் தன் ஊர்க் காலைப்பொழுதைச் செதுக்கிவிட்டார்.

ஆனந்தரங்கரின் குறிப்பைப் படிக்கச் சரியான வழியும் அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. நடுவில் பெரிய சம்பவங்கள் வரும்: 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே சென்னைப்பட்டணத்தைப் பிடிப்பது, 1748இல் ஆங்கிலேயத் தளபதி பொஸ்காவன் புதுச்சேரியை முற்றுகையிடுவது, அதே முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்படுவது. பிரெஞ்சு இந்திய வரலாற்றை எழுதுகிறவர்கள் இவற்றுக்காகத்தான் குறிப்பைப் புரட்டுகிறார்கள். எனக்கோ ஓரங்கள்தான் வேண்டியிருக்கின்றன. கப்பலைக் கண்டதும் எத்தனை பீரங்கி போட்டார்கள் என்பதை அவர் ஒவ்வொரு முறையும் எண்ணுகிறார். யார் வீட்டுக்குப் போனாலும் வெற்றிலை பாக்கும் பன்னீரும் எந்த மரியாதையோடு வந்தன என்று கவனிக்கிறார். சகுனம் பார்க்கிறார், சோதிடர் சொன்ன பலன் பலித்ததா என்று பிறகு திரும்பிப் பார்த்துச் சரிபார்க்கிறார்.

கடற்கரையில் கண்ணாடியிழைப் படகுகளில் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கரையில் இயற்கைத் துறைமுகம் எதுவும் கிடையாது. கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், ஆலம்பரை, புதுச்சேரி எல்லாமே அலை நேரே வந்து அறைகிற திறந்த கரைகள். கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். பொதியையும் ஆளையும் கரைசேர்க்கச் சலங்கு என்ற படகுதான் போய்வரும். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த படகு. அலை அடித்தால் உடையாமல் நெளிந்துகொடுக்கும். கடல் இன்னும் மோசமானால் கட்டுமரத்தில் கடிதம் போகும். நாட்குறிப்பில் வரும் ஒவ்வொரு 'கப்பல் வந்தது' என்ற செய்திக்குப் பின்னாலும் பெயர் தெரியாத சலங்குக்காரர்கள் சிலர் நனைந்திருக்கிறார்கள். ஆனந்தரங்கருக்கே 'ஆனந்தப் புரவி' என்று சொந்தக் கப்பல் இருந்தது.

நாட்குறிப்பின் அந்த ஓரங்களில் எல்லாமே நமக்கு இனிப்பதில்லை. புதுச்சேரித் தேவாலயத்துக்குள் பறையர் கிறிஸ்தவர்களையும் மற்றவர்களையும் பிரித்த சுவர் 1745இல் இடிக்கப்பட்டபோது ஊர் என்ன பாடுபட்டது என்பதை அவர் எழுதுகிறார். அவர் நிற்பது இடித்தவர்கள் பக்கம் அல்ல. கிராமத்து ஏழைகளை ஏமாற்றிப் பிடித்து அடைத்துவைத்து, கப்பலேற்றி அடிமையாக விற்ற கும்பலைப் பற்றியும் குறிப்பு இருக்கிறது. முன்னோரின் நாட்குறிப்பைத் திறக்கிறவர்கள் இதற்கும் தயாராக இருக்க வேண்டும். படமாகச் சுவரில் தொங்கும் தாத்தாவுக்கு மாலை போடலாம்; தினமும் எழுதிய தாத்தாவோடு சண்டையும் போட வேண்டிவரும். பொய்யில்லாத உறவு இரண்டாவதுதான்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தை ஒட்டிச் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் மெல்லிய பருத்தித் துணி வாங்கி ஏற்றுமதி செய்த இடம். கோட்டையின் செங்கல் மதில் கடலைப் பார்த்து நிற்கிறது. உள்ளே தானியக் கிடங்குகள், பெரிய கல்லறைக் கற்கள். குலச் சின்னமும் டச்சு எழுத்தும் அவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கியிருப்பதைப் பார்த்தால், இறந்தவரைவிடக் கல்தச்சர்மீது மரியாதை வருகிறது.

இந்த ஊரில்தான் 1754 ஜனவரியில் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் உட்கார்ந்து பேசினார்கள். டச்சுக்காரர்களின் ஊர் என்பதால் இரு தரப்புக்கும் பொதுவான இடம். ஆங்கிலேயர் சார்பில் பாக், வான்சிடார்ட். எதிரே துய்ப்ளேக்ஸ் அனுப்பிய ஆட்கள். பேச்சு, காகிதத்தில் வந்து சிக்கிக்கொண்டது. தென்னாட்டு அதிகாரம் எங்களுடையது என்று காட்டப் பிரெஞ்சுக்காரர்கள் சனதுகளை, அதாவது அரச ஆணைப் பத்திரங்களை, எடுத்துவைத்தார்கள். அவை செல்லாது, போலி என்றார்கள் ஆங்கிலேயர்கள். பேச்சு முறிந்தது. அதே ஆண்டு துய்ப்ளேக்ஸ் பதவியிழந்து பிரான்சுக்குக் கிளம்பினார்.

ஆனந்தரங்கர் பெற்ற செங்கல்பட்டு ஜாகீரும் இதே வகைக் காகிதம்தான். அதைத் தந்த முசாபர் ஜங் 1751 தொடக்கத்திலேயே கொல்லப்பட்டார். 1752இல் ஆங்கிலேயத் தளபதி கிளைவ், ஒழுங்காகப் பயிற்சி பெறாத சிப்பாய்களோடு வந்து முதலில் கோவளத்தையும் அடுத்துச் செங்கல்பட்டையும் பிடித்தார். ஜாகீர்தாரின் கோட்டை மூன்றே ஆண்டில் போய்விட்டது. பட்டம் கைமாறியபோது எத்தனை பீரங்கி முழங்கியிருக்கும், எத்தனை தட்டில் வெகுமதி வந்திருக்கும்! அரசாங்க முத்திரை போட்ட காகிதம் அத்தனையும் செல்லாக் காசானது. பாக்குக் கிடங்குக்காரர் தன் போக்கில் எழுதிய காகிதம் நிலைத்தது. இந்தக் கரையில் நான் கற்றுக்கொண்ட பாடம் என்று ஒன்று உண்டென்றால் இதுதான்.

கல்பாக்கம் தாண்டி, வாயலூரில் பாலாற்றுப் பாலம். காலையில் செங்கல்பட்டுக்குத் தெற்கே மணலாகக் கிடந்த அதே ஆறு, இங்கே கடலோடு சேரும் முன் கொஞ்சம் தண்ணீரைக் காட்டுகிறது. அடுத்து கூவத்தூர். 2017இல் சட்டமன்ற உறுப்பினர்கள் ஒரு விடுதியில் மொத்தமாகத் தங்கவைக்கப்பட்டிருந்ததால் நாடெங்கும் பேர் தெரிந்த ஊர். அங்கே இருந்தவர்களில் ஒருவராவது, யார் யாரைச் சந்தித்தார், என்ன பேசினார், முகம் எப்படி மாறியது என்று ஆனந்தரங்கர் மாதிரி தினமும் எழுதிவைத்திருந்தால், 200 ஆண்டு கழித்து வருகிறவர்கள் அதை விடிய விடியப் படிப்பார்கள்.

கடப்பாக்கத்தில் பிரதான சாலையை விட்டுக் கடல் பக்கம் திரும்பினால் ஆலம்பரை. சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனாரின் இடைக்கழிநாடு இது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பங்கழி, நடுவில் தென்னந்தோப்பு. கோட்டை மதில் செங்கல்லும் சுண்ணாம்புமாகப் பிளந்து நிற்கிறது. 2004 சுனாமியிலும் அடிபட்டது. ஆங்காங்கே மதில் துண்டுகள் சாய்ந்து மணலில் புதைந்திருக்கின்றன. அவற்றின்மேல் வலை காய்கிறது.

"பாடு எப்படி?" என்று வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன்.

"ரெண்டு நாளா ஒண்ணும் இல்லப்பா. கழியில இறால் கொஞ்சம் வருது, அவ்ளோதான்" என்றார். பிறகு மதிலைக் காட்டி, "இங்க காசு அடிச்சாங்கன்னு எங்க தாத்தா சொல்வாரு. நாங்க சின்னப் பசங்களா இருக்கும்போது மழை பெஞ்சா தேடுவோம்" என்றார்.

தாத்தா சொன்னது உண்மைதான். ஆற்காடு நவாப் தோஸ்த் அலிகான் காலத்தில், 1736க்கும் 1740க்கும் இடையில் எழுந்த கோட்டை இது. இங்கே நாணயச்சாலை இருந்தது. கடலுக்குள் நீளும் துறைமேடையிலிருந்து சரிகைத் துணியும் நெய்யும் உப்பும் கப்பலேறின. அதே 1736இல்தான் புதுச்சேரியில் ரூபாய் அடிக்கும் உரிமையைத் தோஸ்த் அலிகானிடமிருந்து பிரெஞ்சுக் கும்பினி வாங்கியது. ஆனந்தரங்கரின் ஆரம்பப் பக்கங்களில் இந்த நாணய விவகாரம் ஓடுகிறது. 1750இல் கோட்டை துய்ப்ளேக்சுக்கு வெகுமதியாக வந்தது. 1760இல் ஆங்கிலேயர்கள் பிடித்து இடித்தார்கள்.

ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது எனக்குச் சட்டென்று உறைத்தது. கோட்டையும் நாட்குறிப்பும் சமவயது. இரண்டும் 1736ஐ ஒட்டித் தொடங்குகின்றன. இரண்டின் ஆயுளும் 1760, 61இல் முடிகிறது. 1756இல் ஆனந்தரங்கர், தானும் வகித்துவந்த துபாஷ் பதவியை இழந்தார். உடம்பு படுத்தியது. ஆனாலும் எழுத்து நிற்கவில்லை. 1761 புத்தாண்டு நாளில் புதுச்சேரிக் கடலில் பெரும் புயல் அடித்து, முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயர் கப்பல்களைச் சிதறடித்தது; அதற்குள் ஊர் பசியால் துவண்டிருந்தது. அந்த ஜனவரியில், நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்வதற்குச் சில நாள் முன்பு, அவர் இறந்தார்.

கோட்டையை அதன்பிறகு யாரும் எடுத்துக் கட்டவில்லை. நாட்குறிப்பைக் குடும்பம் தொடர்ந்தது. உடன்பிறந்தாரின் மகன் திருவேங்கடம் பிள்ளை எழுதினார். பின்னால் முத்து விஜய திருவேங்கடம் பிள்ளை 1794 முதல் 1796 வரை எழுதியது கிடைத்திருக்கிறது. பெரியவர் எழுதியதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் தாங்களும் எழுதினார்கள். 85 ஆண்டுகள் அந்தக் கட்டுகள் புதுச்சேரியில் ஒரு குடும்பத்தின் பழஞ்சாமான்களோடு கிடந்தன. 1846இல் கலுவா மோன்பிரான் என்ற புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டு படியெடுத்தார். அரியேல் என்பவரின் படி பாரிசுக்குப் போனது. சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. பிரபஞ்சன் இதிலிருந்து 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்று இரண்டு நாவல்களை எடுத்தார்; இரண்டாவதுக்கு 1995இல் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. எழுதிய மொழியில் 12 தொகுதிகளும் ஒன்றாகக் கைக்கு வந்ததோ 2019இல்தான்: மு. ராஜேந்திரனும் அ. வெண்ணிலாவும் பதிப்பித்து, பக்கத்து வந்தவாசியிலிருந்து வெளியானது. ஆங்கிலேயருக்குக் கிடைத்து ஒரு நூற்றாண்டு கழித்துத்தான் தமிழருக்குத் தமிழில் முழுசாகக் கிடைத்தது. கிடைத்ததிலும் ஓட்டைகள் உண்டு. மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் பக்கங்கள் இல்லை. கரையான் தின்றது போக மிஞ்சியதுதான் வரலாறு.

நம் வீடுகளில் ஆனந்தரங்கர் மாதிரி யாரும் எழுதவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. பாம்புப் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் பிள்ளை பிறந்த நாழிகையை எழுதிய தாத்தா எல்லா வீட்டிலும் இருந்தார். கலியாண மொய் நோட்டு இருக்கிறது. மளிகைக்கடைப் பற்று நோட்டு, பால் கணக்கு, அடகு ரசீது, ஏர்க்கூலி எழுதிய சிட்டை, வெளியூர் போன மகன் எழுதிய இன்லாண்டு கடிதம் எல்லாம் ஏதாவதொரு டிரங்குப் பெட்டியில் இருக்கும். மொய் நோட்டைப் புரட்டினால் எந்த ஆண்டு யார் வீட்டோடு பேச்சுவார்த்தை இருந்தது, எந்த ஆண்டிலிருந்து நின்றுபோனது என்பது தெரியும். பற்று நோட்டில் அரிசி வாங்காத மாதம் தெரியும். அந்த மாதம் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கத் தோன்றும். பதவி உயர்வு ஆணையையும் பாராட்டுப் பத்திரத்தையும் சட்டம் போட்டு மாட்டுகிறோம். இந்த நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுகிறோம். செங்கல்பட்டு ஜாகீருக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகாவது அதை மாற்றிச் செய்யலாம்.

கூடவே இன்னொன்றும். எத்தனை கட்டு காகிதம் கிடைத்தாலும் மங்கைத்தாயி அதில் பேசமாட்டார். அவர் பிறந்த ஊரின் ரயிலடியிலிருந்து ஆலம்பரைத் துறை வரை வந்தும், எனக்கு அவரைப் பற்றிக் கிடைத்தது அப்பா பெயரும் பிள்ளைகளின் பெயரும்தான். ஆகவே, பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கும் நாளில் நோட்டை உடனே திறக்க வேண்டாம். எழுதியவரோடு வாழ்ந்த பாட்டியோ அத்தையோ வீட்டில் இருந்தால், முதலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காலையில் எழுந்ததும் என்ன வேலை செய்வீர்கள் என்று கேட்டு, சொல்வதை அன்றைய தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். நோட்டு அடுத்த வாரமும் இருக்கும்.